ஆண்டீஸ் மலைக்கு இயந்திரம் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களே, பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே,

பெருவிலும் பொலிவியாவிலும் உள்ள மலைக்கிராமங்களுக்காக நூற்பு இயந்திரம், கத்தரிப்புக் கருவி, பாசனக் கால்வாய், கிழங்கு உலர்த்தி என்று ஏதோ ஒன்றை நீங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். இறுதியாண்டுத் திட்டமாகச் செய்பவர்கள், தொண்டு நிறுவனங்களுக்காகச் செய்பவர்கள், இருந்த வேலையை விட்டுவிட்டு இதற்கென்றே கிளம்பியவர்கள் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்படிப்பட்ட குழுக்களில் இருக்கிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் நூற்பாலைப் பராமரிப்புப் பிரிவில் வளர்ந்த ஆள். பஞ்சு, கதிர், முறுக்கு, ஈரப்பதம் இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். சில வருஷங்களுக்கு முன் ஒரு குழுவோடு சேர்ந்து, ஆண்டீஸில் ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இனத்து விலங்கான அல்பாகாவின் ரோமத்தை நூற்க ஒரு சின்ன மின் ராட்டை செய்து மேலே கொண்டுபோனேன். அது தோற்றது. ராட்டையைச் செய்ய எட்டு மாதம் ஆனது. அது ஏன் தோற்றது என்று எனக்குப் புரிய அதைவிட அதிகக் காலம் ஆனது. அந்தக் காலத்தை உங்களுக்கு மிச்சப்படுத்த முடியுமா என்று பார்க்கிறேன்.

பெருவின் புனோ பகுதியில் ஒரு கிராமம். உயரம் 4,000 மீட்டருக்கு மேல். காலை எட்டு மணிக்குப் புல்மேல் இன்னும் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா அல்பாகா மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறார். முதுகில் துணி மூட்டை. இடது மணிக்கட்டில் ரோமம் வளையமாகச் சுற்றியிருக்கிறது. வலது கையில் புஷ்கா. நம் தக்ளிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குச்சி, அதன் அடியில் மரத்தில் கடைந்த வட்டத் தட்டு, அவ்வளவுதான். விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறார். அது காற்றில் தொங்கியபடி சுழல்கிறது, ரோமம் நூலாக இறங்குகிறது. அவர் நடையை நிறுத்தவே இல்லை. ஒரு பாறையைச் சுற்றிப் போனார், ஒதுங்கிய குட்டியை விசிலடித்துத் திருப்பினார், எங்களோடு வந்தவரிடம் அந்த மலைமக்களின் கெச்சுவா மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நூல் அறவில்லை.

இதைப் பார்த்த பிறகும் நாங்கள் கணக்குப் போட்டோம். புஷ்காவில் ஒரு நாளைக்கு இத்தனை கிராம், எங்கள் ராட்டையில் அதைப் போலப் பல மடங்கு. காகிதத்தில் அது பெரிய வெற்றி. ஆனால் ராட்டைக்கு அவர் உட்கார வேண்டும். மின்சாரம் உள்ள வீட்டில், சுவரோரம், பிளக் இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் மந்தையை யார் பார்ப்பது? அவருடைய மகன் ஹுலியாக்கா நகரத்தில் வேலை பார்க்கிறான், மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். புஷ்காவுக்காக அவர் தனியாக ஒரு நிமிஷம்கூடச் செலவழிப்பதில்லை. மேய்க்கும் நேரமே நூற்கும் நேரம். நாங்கள் சேமித்துக் கொடுப்பதாக நினைத்த நேரம் அவரிடம் முதலிலிருந்தே செலவாகவில்லை. எங்கள் ராட்டைதான் அவருடைய நாளில் புதிதாக ஒரு செலவைக் கொண்டுவந்து வைத்தது.

அப்புறம் நூல். இங்கேதான் நூற்பாலை ஆளான எனக்கு வெட்கமாகப் போனது. எங்கள் ராட்டை நூற்ற நூல் மெத்தென்று இருந்தது. கையில் எடுத்ததும் எல்லாருக்கும் பிடித்தது. கிராமத்தில் மூத்த நெசவாளி ஒருவர் அதை இரண்டு கைக்கும் நடுவே இழுத்துப் பார்த்தார், கட்டை விரல் நகத்தால் ஒரு முறை வருடினார், "இது பின்னலுக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் நெசவு பாவு, அதாவது நெடுக்கு இழை, மேலோங்கிய நெசவு. குறுக்கே ஓடும் ஊடை உள்ளே மறைந்துவிடும், துணி முழுக்கத் தெரிவது பாவு நூல்தான். ஒரு முனை கம்பத்தில், மறு முனை அவர் இடுப்பில். உடம்பைப் பின்னால் சாய்த்துப் பாவை விறைப்பாக்குகிறார். ருக்கி என்கிற, அல்பாகாவின் பெரிய உறவான லாமா விலங்கின் எலும்புக் கருவியால் பாவு இழைகளுக்கு நடுவே அடித்து அடித்து ஊடையை இறுக்குகிறார். ஒவ்வொரு அடிக்கும் பாவு நூல் அந்த எலும்பின் உரசலைத் தாங்க வேண்டும். அதற்கு நூல் கம்பி மாதிரி முறுக்கேறியிருக்க வேண்டும். அதனால்தான் ஒருமுறை நூற்று, இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி, மறுபடியும் அதற்கு மேல் முறுக்கு ஏற்றுகிறார்கள். கடைசியில் கிடைப்பதைத் தளர்த்திப் பிடித்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். பருத்திப் பாவுக்கு முறுக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. "ரோமம் என்றால் மென்மை" என்று சந்தை சொல்லிக் கொடுத்ததை நம்பிவிட்டேன்.

முறுக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வழக்கமான நூல் வலப்பக்க முறுக்கில் நூற்கப்பட்டு, இடப்பக்க முறுக்கில் இரட்டையாக்கப்படும். இதற்கு நேர் எதிராக நூற்றதை 'யொக்கே' என்பார்கள். இடது என்று பொருள். அது காப்பு நூல். தீங்கு அண்டாமலிருக்க மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டுவார்கள், துணியின் ஓரங்களிலும் சேர்ப்பார்கள். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே திசை முறுக்குள்ள பாவு இழைகளை நெருக்கி நெய்தால் துணியின் ஓரம் சுருளப் பார்க்கும். எதிர்முறுக்கு இழைகளை ஓரத்தில் வைத்தால் அந்தச் சுருளல் அடங்கும். நெசவுப் பொறியியலில் இதற்கு நாம் தனிப் பாடமே வைத்திருக்கிறோம். அவர்கள் அதைக் காப்புக் கயிறாகக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எங்கள் ராட்டையின் மோட்டார் ஒரு பக்கம் மட்டும் சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்ற ஒரு சுவிட்ச் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ராட்டை குப்பைக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அதில் நூல் இரட்டித்துக்கொண்டிருந்தார்கள். புஷ்காவில் நூற்ற நூலைச் சேர்த்து முறுக்குவது நடந்துகொண்டே செய்ய வசதியில்லாத வேலை, சலிப்பான வேலை, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்கு ராட்டை சரியாக இருந்தது. மோட்டார் கம்பிகளை மாற்றிப் போட்டு எதிர்ப்பக்கம் சுற்ற வைத்திருந்தவர் அந்த ஊர் ரேடியோ ரிப்பேர்காரர். இரட்டிப்பதற்கு ஒரு கருவி வேண்டுமா என்று முதல் நாளே கேட்டிருந்தால் எட்டு மாத வேலை மூன்று மாதத்தில் முடிந்திருக்கும்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். அந்த உயரத்தில் இயற்பியலே கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாயச் செய்முறைத் தாளில் 'கொதிநிலையில் ஒரு மணி நேரம்' என்று போட்டிருந்தால் அதை எழுதியவர் நூறு டிகிரியை மனதில் வைத்து எழுதியிருப்பார். அங்கே எவ்வளவு விறகு போட்டாலும் அந்தச் சூடு வராது, சாயம் முழுசாக ஏறாது, துவைக்கும்போது கசியும். கள்ளிப்பூச்சியான கொச்சினியலிலிருந்து எடுக்கும் சிவப்பு அந்த வெப்பத்திலேயே அழகாகப் பிடிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அவர்கள் அதில் கை தேர்ந்திருக்கிறார்கள். செயற்கைச் சாயம் கொண்டுபோகிறவர்கள் குறைந்த வெப்பத்தில் ஏறும் வகையைத் தேட வேண்டும், இல்லையென்றால் அழுத்தக் கலன் தேட வேண்டும்.

மோட்டாருக்கும் இதே கதை. பெயர்த்தகட்டில் அச்சடித்திருக்கும் திறன் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் செல்லும். காற்று மெல்லியது என்பதால் மின்விசிறி எவ்வளவு ஊதினாலும் சூடு வெளியேறாது. கோவையில் நாள் முழுக்க ஓடிய எங்கள் மோட்டார் அங்கே மதியத்துக்குள் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் என்றால் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பெரிதாக வாங்குங்கள், மெதுவாக ஓட்டுங்கள்.

ஆனால் மோட்டாரைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது ரோமம்தான். செம்மறி ரோமத்தில் லானோலின் என்கிற கொழுப்பு நிறைய இருக்கும், இழையின் மேல் செதில்கள் தூக்கி நிற்கும், இழையிலேயே நெளிவு இருக்கும். அதனால் இழைக்கு இழை பிடித்துக்கொள்ளும். அல்பாகாவில் கொழுப்பு மிகக் குறைவு, செதில்கள் படிந்து கிடக்கும், அதிலும் சூரி வகை ரோமம் பட்டு மாதிரி நேராக விழும். வழுக்கிக்கொண்டே போகும். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே காற்றில் ஈரமே இருக்காது. நம் ஆலைகளில் ஈரப்பதக் கருவியை நிறுத்திவிட்டு நூற்கச் சொன்னால் மேஸ்திரி அடிக்கவே வந்துவிடுவார். அந்த வறட்சியில், ரோமத்தைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் உருளையில் ஏற்றியதும் நிலைமின்சாரம் பிடித்து, ரோமம் உருளையிலும் எங்கள் சட்டையிலும் முகத்திலும் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா விரல் நுனியை நாக்கில் தொட்டு நனைத்து நனைத்து நூற்றது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கடைசியில் எண்ணெய் கலந்த தண்ணீரை முந்தின நாள் இரவே தெளித்து, சாக்குப் போட்டு மூடி வைத்தோம். அப்புறம் தூசி. அல்பாகா மண்ணில் புரண்டு குளிக்கிற பிராணி. அது புரண்ட மண் ரோமத்தோடு வந்து பேரிங்குக்குள் போகும். மூடிய பேரிங் போடுங்கள். ஹுலியாக்கா சந்தையில் கிடைக்கும் அளவிலேயே போடுங்கள். உங்கள் ஊரிலிருந்து அனுப்பினால்தான் கிடைக்கும் உதிரிப்பாகம் ஒன்றே ஒன்று இருந்தாலும் இயந்திரத்தின் ஆயுள் அந்தப் பாகத்தின் ஆயுள்தான்.

இவ்வளவு சொல்வதால் இயந்திரமே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டும். ஆனால் எங்கே வேண்டும் என்பதை மேய்ப்பவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, முடி பிரிப்பது. லாமாவுக்கு இரட்டைப் போர்வை: உள்ளே மெல்லிய ரோமம், மேலே முரட்டு முடி. அதே இனத்துக் காட்டு விலங்கான விக்குன்யாவுக்கும் அப்படித்தான். அந்த முரட்டு முடி ஒன்றிரண்டு கலந்தாலும் துணி குத்தும், விலை விழும். விக்குன்யாவின் உள்ரோமம் 12 முதல் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உலகின் மிக மெல்லிய விலங்கு ரோமங்களில் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் ஒரு விலங்கிலிருந்து சுமார் 200 கிராம் வரும். 1960-களில் வேட்டையால் சில ஆயிரங்களாகக் குறைந்துபோன இனம் இது. 1967-இல் பம்பா கலேராஸ் காப்பகம் வந்தது, பின்னால் சட்டமும் ஒப்பந்தங்களும் வந்தன, இப்போது பெருவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கிராமமே கைகோத்து, கயிற்றில் வண்ணத் துணிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மலைச்சரிவில் விக்குன்யாக்களைச் சுற்றி வளைத்து, கத்தரித்து, உயிரோடு விட்டுவிடும் 'சாக்கு' வழக்கம் திரும்ப உயிர் பெற்றிருக்கிறது. ஆனால் கத்தரித்ததைப் பெண்கள் கையால்தான் சுத்தம் செய்கிறார்கள். மேசைமேல் கறுப்புத் துணி விரித்து, ஒவ்வொரு முடியாக, கண் வலிக்க வலிக்க. ஒரு கிலோ முடிக்கப் பல நாள் ஆகும். அர்ஜென்டினாவின் தேசியத் தொழில்நுட்ப நிறுவனமான இன்டி, லாமா, குவனாக்கோ, விக்குன்யா ரோமங்களுக்கென்றே முடி பிரிக்கும் இயந்திரம் உருவாக்கியிருக்கிறது. முரட்டு முடி கனமானது, விறைப்பானது. வேகமாகச் சுழலும் உருளைகளில் அது முதலில் வெளியே தெறிக்கும், மெல்லியது ஒட்டி நிற்கும். இதில் இழை அறுந்து நீளம் குறையாமல் பார்ப்பதுதான் கஷ்டமான பகுதி. உங்கள் மூளை தேவைப்படுகிற இடம் இது.

இரண்டு, ரோமத்தின் தடிமனை அளப்பது. இதைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பெருவில் 2012 வேளாண் கணக்கெடுப்பின்படி 36 லட்சத்துக்கு மேல் அல்பாகாக்கள். உலகிலேயே அதிகம். பெரும்பாலும் சிறு மேய்ப்பர்களிடம்தான் இருக்கின்றன. அந்நாட்டின் தரக் கட்டுப்பாட்டில் 23 மைக்ரானுக்கு உட்பட்டது 'பேபி', 31.5-ஐத் தாண்டியது முரடு, நடுவில் மூன்று படிகள். பேபிக்கும் முரட்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் மேய்ப்பர் வீட்டு வாசலுக்கு வரும் தரகர் வாங்குவது 'அல் பார்ரேர்'. பெருக்கி அள்ளுவது என்று அர்த்தம். நல்லதும் முரடும் ஒரே மூட்டை, ஒரே விலை, எடைக்கு இவ்வளவு. மூட்டை அரெகிப்பா நகரத்து ஆலைக்குப் போனபின் பெண்கள் அதைப் பிரிப்பார்கள். விரல் நுனியால் தொட்டே மைக்ரான் வித்தியாசம் சொல்கிற கைகள் அவை. பிரித்ததால் கூடிய மதிப்பு மலைக்குத் திரும்பி ஏறுவதில்லை. இருபது வருஷம் நல்ல கடாவாகத் தேர்ந்தெடுத்து மந்தையை மெல்லிய ரோமத்துக்கு வளர்த்தவருக்கும், எதுவுமே செய்யாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே விலை கிடைத்தால் அவர் எதற்காக மெனக்கெட வேண்டும்?

கையில் எடுத்துப்போகும் ஒளியியல் அளவுகருவிகள் இப்போது உள்ளன. பெருவிய ஆய்வாளர்களே தங்கள் நாட்டு ரோமத்துக்கென்று செய்தவையும் உண்டு. அவற்றின் விலையைக் குறையுங்கள். குளிரில் பேட்டரி சாகாமல் பாருங்கள். எண்ணைத் திரையில் காட்டும்போது தரகருக்கு முன்னால் மேய்ப்பருக்குத் தெரிகிற மாதிரி காட்டுங்கள். நூற்பு இயந்திரத்தைவிட இது அந்த ஊரின் வருமானத்தை மாற்றும் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அல்பாகாவை நூற்பது எப்படி என்கிற கேள்விக்கு விடை 1836-லேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டைட்டஸ் சால்ட் என்பவர், யாரும் சீந்தாத அல்பாகா மூட்டைகளை வாங்கி, பருத்திப் பாவோடு சேர்த்து நெய்யும் வழி கண்டுபிடித்தார். அதில் வந்த பணத்தில் சால்டேர் என்று ஒரு ஆலை நகரமே கட்டினார். அவருக்கு ரோமம் கொடுத்த மலை அன்றைக்கும் மூட்டை விற்றது, இன்றைக்கும் மூட்டை விற்கிறது. ஆலைகள் வெள்ளை ரோமத்தைத்தான் கேட்டன, எந்தச் சாயமும் ஏறும் என்பதால். வெள்ளைக்கு அதிக விலை என்றானதும் மந்தைகள் வெளுத்தன. கறுப்பு, காப்பி, சாம்பல், இலவங்கம் என்று இருபதுக்கும் மேற்பட்ட இயற்கை நிறங்கள் குறைந்துகொண்டே வந்தன. உங்கள் இயந்திரம் சின்னச் சின்ன அளவில், நிறம் நிறமாக நூற்கக்கூடியதாக இருந்தால் கறுப்பு அல்பாகாவை வைத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும்.

வயலுக்கு வருகிறேன். பொறியாளர்கள் தவறாமல் காதலில் விழுகிற இடம் டிடிகாகா ஏரிக்கரை. 3,800 மீட்டர் உயரத்தில், ஏரியைச் சுற்றிய சதுப்பில், பழங்காலத்தவர் மண்ணை வெட்டி மேடாகப் போட்டு, வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் விட்டார்கள். வாரு வாரு என்பார்கள், அய்மாரா மொழியில் சூக்கா கொல்யு. பகலில் பள்ளத்துத் தண்ணீர் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், இரவில் உறைபனி இறங்கும்போது அந்தச் சூட்டை மேட்டுக்கு விடும். பள்ளத்துச் சேறு அடுத்த வருஷ உரம். விமானப் படங்களில் 80,000 ஹெக்டேருக்கு மேல் இதன் தடம் தெரிந்தது. 1980-களில் தொல்லியலாளர் கிளார்க் எரிக்சன் பெருவின் ஹுவாட்டாவில் ஊர்மக்களோடு சேர்ந்து இவற்றைத் திரும்பக் கட்டினார். ஏரியின் மறுபக்கம் பொலிவியாவில் ஆலன் கொலாட்டாவின் குழு கட்டியது. எரிக்சனின் வயல்களில் ஹெக்டேருக்குச் சராசரியாகப் பத்து டன் உருளைக்கிழங்கு வந்தது. அந்தப் பகுதியில் வழக்கமாக வருவது ஒன்றிலிருந்து நான்கு டன்தான். கடும் உறைபனி இரவில் சாதாரண வயல்கள் கருகியபோது மேட்டு வயல்கள் பெரும்பாலும் தப்பின.

உடனே திட்டங்கள் குவிந்தன. கட்டினால் உணவு, கட்டினால் கூலி என்று கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கான மேடுகள் எழுந்தன. சில வருஷத்தில் உதவி நின்றது, பெரும்பாலான மேடுகள் கைவிடப்பட்டன. மண்ணும் தண்ணீரும் சொன்னபடி வேலை செய்தன. ஆனால் மேடு கட்டுவது ஆள்பலம் தின்கிற வேலை, வருஷா வருஷம் பள்ளம் தூர்வார வேண்டும். அந்த ஆட்கள் எல் ஆல்டோ, ஹுலியாக்கா நகரங்களுக்குப் போய்விட்டார்கள். போகாதவர்களுக்கு அதே உழைப்பைப் பால்மாட்டுக்குத் தீவனம் போடுவதில் செலவழித்தால் கையில் காசு வந்தது. பழைய நுட்பத்தை நவீன அறிவியல் நிரூபித்த அழகான கதை இது. நானும் சில காலம் மேடை மேடையாகச் சொன்னேன். மண்வெட்டி பிடிப்பது யார், எந்த மாதத்தில், எதை விட்டுவிட்டு என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

பொலிவியாவின் தெற்கில், உயுனி உப்புச் சமவெளி ஓரத்தில், இயந்திரம் நேராகவே கெடுதல் செய்தது. மலைச்சரிவில் கையால் பயிரிட்ட கினோவா என்கிற தானியப் பயிர், டிராக்டர் வந்ததும் சமவெளிக்கு இறங்கியது. வட்டத்தட்டுக் கலப்பை அந்த மெல்லிய மணலைப் புரட்டிப்போட, காற்று அள்ளிக்கொண்டு போனது. லாமா மேய்ந்த நிலம் வயலானது, லாமா குறைந்தது, எருவும் குறைந்தது. 2013-ஐ ஐ.நா. கினோவா ஆண்டாகக் கொண்டாடியது. இரண்டு வருஷத்துக்குள் விலை சரிந்தது. மண் திரும்பி வரவில்லை.

இனி கொஞ்சம் நல்ல கதை. லிமா நகருக்கு மேலே உள்ள மலையில் ஹுவாமந்தாங்கா என்றொரு ஊர். மழைக்காலத்தில் ஓடையின் தண்ணீரைத் திருப்பி, வேண்டுமென்றே ஒழுகும் கால்வாய்களில் விட்டுச் சரிவுப் பாறைகளுக்குள் இறங்க வைப்பார்கள். இன்கா காலத்துக்கும் முந்தைய வழக்கம். வறண்ட மாதங்களில் கீழே ஊற்றாக வருமாம். 2019-இல் வெளிவந்த ஆய்வுக்காக நீரியலாளர்கள் தண்ணீரில் சாயம் கலந்து பின்தொடர்ந்தார்கள். சராசரியாக 45 நாள் கழித்து அது ஊற்றுகளில் வெளிப்பட்டது. எந்தக் கால்வாய் எந்த ஊற்றுக்கு என்பது ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அளவு சொல்லத்தான் கருவி தேவைப்பட்டது. அந்த அளவு கிடைத்ததும் நகரத்து அதிகாரிகளிடம் பேச அவர்கள் கையில் ஒரு எண் இருந்தது. இந்தக் கால்வாய்களைச் சிமென்ட் பூசி 'சரிசெய்ய' யாராவது கிளம்பினால் அதன் வேலையே போயிற்று. பெருவின் குசிச்சாக்கா பள்ளத்தாக்கில் பழைய படிவயல் கால்வாய்களைச் சீரமைத்த தொல்லியலாளர் ஆன் கெண்டலின் குழு கல்லும் களிமண்ணும் கொண்டே கட்டியது. பகலில் சுட்டு இரவில் உறையும் மண்ணில் சிமென்ட் விறைத்து வெடிக்கும், களிமண் நெகிழ்ந்து கொடுக்கும். வெடித்தாலும் ஊர்க்காரரே மறுநாள் பூசிக்கொள்ளலாம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். போனால் ஒரு முழு வருஷம் இருங்கள். முடியாவிட்டால் நான்கு பருவத்துக்கும் ஒரு தடவையாவது போங்கள். ஜூனில் போனால் உறைபனியில் கிழங்கு விரித்து, காலால் மிதித்து நீர் பிழிந்து சுன்யோ என்கிற உலர்கிழங்கு செய்வதைப் பார்ப்பீர்கள். கிழங்கை ஆற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து வெள்ளைச் சுன்யோ செய்கிறவர்களின் கைகளையும் பாருங்கள், அந்தத் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று தொட்டுப் பாருங்கள். கத்தரிப்பு மழைக்கு முன்னால், அக்டோபர் நவம்பர் வாக்கில். மின் கத்தரி தோலை ஒட்டி வெட்டினால் அடுத்த குளிர் அலையில் குட்டியோடு தாயும் சாகும். எவ்வளவு ரோமத்தை விட்டுவைக்க வேண்டும் என்று கத்தி பிடித்தவரிடம் கேட்டு அந்த அளவுக்குச் சீப்பு செய்யுங்கள்.

பெருவின் சிக்குவானி ஊரில் 1996 முதல் 'கமாயொக்' பள்ளி என்று ஒன்று நடந்தது. விவசாயிகளே கால்நடை மருத்துவமும் பாசனமும் கற்று, தங்கள் ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு. இன்கா காலத்தில் துறை வல்லுநரைக் குறித்த பெயர் அது. உங்கள் இயந்திரத்தைத் திறந்து மூட அப்படி ஒருவரை முதல் மாதத்திலேயே தேடிக் கண்டுபிடியுங்கள். எங்கள் ராட்டையைக் காப்பாற்றிய ரேடியோ ரிப்பேர்காரரை நாங்கள் கூட்டத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. வரைபடத்தை அவரிடம் கொடுங்கள், பூட்டி வைக்காதீர்கள். பெண்கள் நூற்கிற இயந்திரத்தைப் பற்றி ஊர்த் தலைவர்களோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள்.

அங்கே கருவிப் பெட்டியோடு வருகிற எவரையும் 'இன்ஹெனியேரோ' என்றுதான் கூப்பிடுவார்கள். பொறியாளர் ஐயா என்கிற மாதிரி. அப்படிக் கூப்பிட்டு, கையில் சூடாகக் கிழங்கும் கோகா டீயும் கொடுத்து, உங்கள் இயந்திரம் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் மரியாதையாக ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய் அது எங்கே இருக்கிறது, அதன்மேல் துணி காய்கிறதா என்று பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி, மற்றக் குழுக்கள் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள். எங்கள் ராட்டையின் வரைபடமும், கொதித்த மோட்டாரின் கணக்கும், ரிப்பேர்காரர் மாற்றிய கம்பி இணைப்பும் என்னிடம் இருக்கின்றன. இந்த வருஷக் கத்தரிப்புக்கு முன்னால் யார் கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு நூற்பாலைப் பொறியாளர்